குருதியில் தேடிய விதை: இரைப்பைப் புற்றுநோயை முன்னறியும் முயற்சியின் வரலாறு

வயிற்று நோய்களுக்குத் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. சூலை என்றனர், குன்மம் என்றனர். சமணத்தில் இருந்த மருள்நீக்கியாரைத் திருவதிகைக்கு வரவழைத்து நாவுக்கரசராக்கியது சூலை நோயே என்கிறது பெரியபுராணம். சித்த மருத்துவ நூல்கள் குன்மத்தை எட்டு வகையாகப் பகுத்துரைத்தன. இன்று நாம் இரைப்பைப் புற்றுநோய் என்று அழைப்பது அப்பெயர்களுள் எதற்குள் ஒளிந்திருந்தது என்று பிரித்துக் காட்ட இயலாது. குடற்புண்ணும் பித்தப்பைக் கல்லும் புற்றும் ஒரே வலியின் பெயரால் அறியப்பட்ட காலம் அது. ஆனால் நோயாளியின் வீட்டார் மருத்துவரிடம் கேட்ட கேள்வி அன்றும் இன்றும் ஒன்றுதான்: இது தீருமா, தீராதா?

அக்கேள்விக்கு விடை தேடச் சித்த மருத்துவர்கள் ஒரு முறையை வகுத்திருந்தனர். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி என்பன அவை. விடியற்காலையில் எடுத்த சிறுநீரின் நிறம், மணம், எடை ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பரவும் வடிவத்தைப் பார்ப்பது நெய்க்குறி. துளி பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்றனர். சில வடிவங்கள் நோய் தீரும் என்பதற்கும், சில தீராது என்பதற்கும் அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. இம்முறை எவ்வளவு சரி என்பது வேறு ஆய்வு. உடலிலிருந்து எடுத்த ஒரு துளிக்குள் நோயின் முடிவு எழுதப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையே இங்கு நாம் கவனிக்க வேண்டுவது.

அதே நம்பிக்கை நவீன மருத்துவத்தில் வேறு உருவில் வளர்ந்தது. புற்றுக்கட்டியிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் குருதியில் மிதக்கின்றனவா, எத்தனை மிதக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, நோயாளியின் வருங்காலத்தைக் கணிக்கும் முயற்சி அது. அதன் வரலாற்றையும், பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு அதனால் ஆவது என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வெற்றி பெற்ற கத்தி

1881 ஜனவரி 29. வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், தெரேசே ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண்ணின் வயிற்றைத் திறந்தார். இரைப்பையின் கீழ்வாயைப் புற்று அடைத்திருந்தது. உண்டதெல்லாம் வாந்தியாயிற்று, பெண் மெலிந்து கிடந்தார். பில்ரோத் கட்டியுள்ள பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சிய இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தார். அதற்கு முந்தைய இரண்டாண்டுகளில் பாரிஸில் பியான், போலந்தில் ரிடிகியர் ஆகிய இருவரும் இதே அறுவையை முயன்று நோயாளிகளை இழந்திருந்தனர். ஹெல்லர் பிழைத்தார். உணவு உண்டார். இரைப்பைப் புற்றுக்கான முதல் வெற்றிகரமான அறுவை என்று மருத்துவ உலகம் அதைக் கொண்டாடியது.

நான்கு மாதங்கள் கூட முழுமையாகக் கடக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் ஹெல்லர் இறந்தார். தையல் பிரியவில்லை, புண்ணில் சீழ் பிடிக்கவில்லை. கத்தி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. ஆனால் புற்று உடலின் உள்ளே வேறிடங்களில் முளைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுத்த அந்நாளிலேயே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று புறப்பட்டுப் போயிருந்தது என்றுதானே பொருள்?

இரைப்பைப் புற்றின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்கிறது எனலாம். இடது காறை எலும்புக்கு மேலே, கழுத்தின் அடியில், விரலுக்குத் தட்டுப்படும் ஒரு நிணநீர்க் கணுவை ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோ 1848 அளவிலேயே சுட்டியிருந்தார். வயிற்றுக்குள் இருக்கும் புற்று அங்கே வந்து முகம் காட்டும். இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயராலேயே அதைப் படிக்கின்றனர். ஆனால் அக்கணு கைக்குத் தட்டுப்படும்போது காலம் கடந்திருக்கும். அதற்கு முன்பே அறிய வழி உண்டா என்பதுதான் கேள்வி.

ஒரு சடலத்தின் குருதி

பில்ரோத்தின் அறுவைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே விடையின் முதற்கீற்று தோன்றியிருந்தது. 1869இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மருத்துவமனையில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், உடலில் பல கட்டிகளோடு இறந்த ஒருவரின் குருதியை நுண்ணோக்கியில் பார்த்தார். கட்டியில் கண்ட உயிரணுக்களைப் போன்றவையே குருதியிலும் இருந்தன. ஒரே மனிதரின் உடலில் கட்டிகள் பல இடங்களில் எழுவது எவ்வாறு என்பதற்கு இது விளக்கம் தரக்கூடும் என்று அவர் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதினார். அக்குறிப்பு நெடுங்காலம் எவராலும் பொருட்படுத்தப்படாமல் கிடந்தது.

1889இல் இலண்டனில் ஸ்டீபன் பேஜட் என்பவர் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். புற்று கண்ட இடத்திலெல்லாம் பரவுவதில்லை. சில உறுப்புகளையே நாடுகிறது என்று கண்டார். செடி விதைகளை நாற்புறமும் தூவினாலும், ஏற்ற மண்ணில் விழுந்தவை மட்டுமே முளைக்கும் என்பது அவர் சொன்ன உவமை. உழவு அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உவமைக்குள் ஓர் எச்சரிக்கையும் இருந்ததைப் பிற்காலம்தான் உணர்ந்தது. விதை கையில் கிடைத்தது என்பதாலேயே விளைச்சலைச் சொல்லிவிட முடியாது.

1955இல் டென்மார்க்கைச் சேர்ந்த எங்கெல் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோயாளிகளின் குருதியில் புற்றணுக்களைத் தேடி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். உலகெங்கும் ஆர்வம் பெருகிற்று. பல ஆய்வகங்கள் கண்டோம், கண்டோம் என்றன. அறுபதுகளில் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. கண்டவற்றுள் பல புற்றணுக்களே அல்ல. எலும்பு மச்சையில் தோன்றும் மெகாகேரியோசைட் போன்ற பெரிய குருதியணுக்களைப் புற்றணு என்று பிறழ உணர்ந்திருந்தனர். துறையே ஏறத்தாழ ஓய்ந்துபோயிற்று.

1970இல் அமெரிக்காவில் ஐசையா ஃபிட்லர் மேற்கொண்ட சோதனை மற்றொரு உண்மையை வெளிப்படுத்தியது. கதிரியக்க அடையாளமிட்ட புற்றணுக்களைச் சுண்டெலியின் குருதிக்குள் செலுத்தினார். ஒருநாள் கழித்துப் பார்த்தபோது ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு எஞ்சவில்லை. பேஜட்டின் உவமை எண்ணாகவே மெய்ப்பட்டது. குருதியில் புற்றணு இருப்பது வேறு. அது ஓரிடத்தில் வேர்விடுவது வேறு.

காந்தத்தால் பொறுக்குதல்

தேடலின் கடினம் எத்தகையது என்று ஒரு கணக்கால் உணரலாம். ஒரு மில்லிலிட்டர் குருதியில் சிவப்பணுக்கள் மட்டும் ஏறத்தாழ 500 கோடி. வெள்ளணுக்கள் பல லட்சம் முதல் ஒரு கோடி வரை. இவற்றினிடையே புற்றணு ஒன்றோ இரண்டோ இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் போகலாம். வைக்கோற்போரில் ஊசி தேடுவது இதைவிட எளிது.

2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த 'செல்சர்ச்' என்ற கருவி இத்தேடலை ஒரு முறைமைக்குள் கொண்டுவந்தது. உறுப்புகளின் உட்பூச்சாக அமைந்த எபிதீலிய உயிரணுக்களின் மேற்பரப்பில் 'எப்கேம்' என்ற புரதம் உண்டு; குருதியணுக்களில் அது இல்லை. பெரும்பாலான புற்றுகள் எபிதீலிய அணுக்களிலிருந்தே தோன்றுகின்றன. எனவே எப்கேமைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய காந்தத் துகள்களைக் குருதியில் கலந்து, காந்தத்தால் இழுத்தால் புற்றணுக்கள் ஒதுங்கிவரும். பின்னர் சாயமேற்றிச் சரிபார்ப்பர். எபிதீலிய அணுவுக்குரிய கெரட்டின் இருக்க வேண்டும். அணுக்கரு இருக்க வேண்டும். வெள்ளணுவின் அடையாளமான சி.டி. 45 இருக்கக் கூடாது. அறுபதுகளில் நேர்ந்த ஆள்மாறாட்டம் மீண்டும் நேராதிருக்கவே இந்தக் கடைசி நிபந்தனை.

அதே 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பரவிய மார்பகப் புற்று கொண்ட 177 பெண்கள் கலந்துகொண்டனர். 7.5 மில்லிலிட்டர் குருதியில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட புற்றணுக்கள் இருந்தோருக்கு நோய் விரைவாக முற்றியது, ஆயுளும் குறுகியது. நெய்க்குறிக்குப் பின் நெடுங்காலம் கழித்து, ஒரு துளியிலிருந்து முடிவைச் சொல்லும் ஒரு எண் மருத்துவரின் கைக்கு வந்தது. 2007இல் பெருங்குடல் புற்றுக்கும், 2008இல் புராஸ்டேட் புற்றுக்கும் அக்கருவி அனுமதிக்கப்பட்டது. இரைப்பைப் புற்று அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இரைப்பைப் புற்றில் முயலாமல் இல்லை. அந்நோய் மிகுந்த ஜப்பானிலும் சீனாவிலும் கொரியாவிலும் பல குழுக்கள் இதை ஆராய்ந்தன. குருதியில் புற்றணு காணப்பட்டோரின் நோய் திரும்ப வருவதும், ஆயுள் குறைவதும் மிகுதி என்றே பெரும்பாலான ஆய்வுகள் கூறின. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் எண்ணிக்கை குறைந்தால் நற்குறி, குறையாவிட்டால் தீக்குறி என்றும் கண்டனர். ஆனால் எத்தனை அணுக்கள் இருந்தால் ஆபத்து என்பதில் ஒருமிப்பு இல்லை. ஓர் ஆய்வு ஒன்றை எல்லையாகக் கொண்டது, வேறொன்று நான்கை, மற்றொன்று ஐந்தை.

இதற்கு இரைப்பைப் புற்றின் இயல்பும் ஒரு காரணம். அது குருதி வழியாக மட்டும் பரவுவதில்லை. இரைப்பைச் சுவரைத் துளைத்து வெளியேறி, வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வின்மேல் நேரடியாகத் தூவிக்கொள்ளும். அவ்வழிப் போனவை குருதியில் அகப்படா. மேலும், இரைப்பைச் சுவர் முழுவதும் ஊடுருவிப் பரவும் ஒருவகைப் புற்றில் அணுக்கள் தம் எபிதீலிய அடையாளங்களை இழந்து, எப்கேமைக் களைந்து திரியக்கூடும். காந்தம் அவற்றைக் காணாது. எனவே குருதியில் ஒன்றுமில்லை என்ற முடிவைப் பார்த்து நிம்மதியடைய வழியில்லை. எண் மிகுந்தால் அது ஒரு செய்தி. சுழியம் என்றால் அது உறுதிமொழி அன்று.

பாலாற்றங்கரையில் இக்கேள்வி

இவ்வளவும் வியன்னாவிலும் மெல்போர்னிலும் நடந்த கதை. பள்ளிகொண்டாவில் இருந்து இதை நாம் ஏன் எழுத வேண்டும்?

அரங்கநாதர் பள்ளிகொண்டதால் பெயர் பெற்ற இவ்வூர் பாலாற்றின் கரையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில் அமைந்திருக்கிறது. கிழக்கே போனால், 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி. மேற்கே போனால் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகள். மருத்துவமனைக்குப் போகும் சாலையும் டேனரிக்குப் போகும் சாலையும் இங்கே ஒன்றுதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட இத்தொழில், பதப்படுத்திய தோலாகவும் செருப்பாகவும் ஏற்றுமதி செய்யும் கொள்கை எழுபதுகளில் வலுப்பெற்றபின் குரோமிய உப்புகளுக்குப் பெருமளவு மாறியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இத்தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பாழானதைப் பதிவு செய்தது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது.

இப்பின்னணியில், இங்கே எவருக்கேனும் வயிற்றில் புற்று என்றால் 'தோல் தண்ணீர்தான் காரணம்' என்று ஊர் சொல்லிவிடுகிறது. அறிவியல் சொல்வது அவ்வளவு நேரானதன்று. தோல் பதனிடலில் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். புற்றை விளைவிப்பது என்று உறுதிப்பட்டது ஆறிணைதிறக் குரோமியம்; அதுவும் மூச்சுவழிச் சென்று நுரையீரலில். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் இந்த ஆறிணைதிற வகை உண்டு.

அது குடிநீர்வழி இரைப்பைப் புற்றைத் தருமா என்பது உலக அளவில் வழக்காடப்பட்ட கேள்வி. சீனாவின் ஜின்ஜோவில் ஒரு குரோமிய ஆலையருகே மஞ்சளாய் மாறிய கிணற்று நீரைக் குடித்த கிராமங்களில் இரைப்பைப் புற்றுச் சாவுகள் மிகுந்திருந்ததை ஒரு மருத்துவர் 1987இல் எழுதினார். 1997இல் அவர் பெயரிலேயே ஓர் அமெரிக்க இதழில், தொடர்பில்லை என்ற பொருளில் மறு கட்டுரை வந்தது. அதன் பின்னால் தொழில்துறைக்காகப் பணியாற்றிய ஆலோசகர்கள் இருந்தது வெளிப்பட, 2006இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2008இல் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் இரைப்பைப் புற்று மிகுந்திருந்ததாகவே முடிவு கூறினர். ஒரு நோயின் காரணத்தை அறிவது ஆய்வகத்தின் வேலை மட்டுமாக எக்காலத்தும் இருந்ததில்லை என்பதற்கு இதுவே சான்று.

இன்னொரு எண்ணிக்கை

குருதித் துளியில் அணுக்களை எண்ணியவர்களைப் பற்றிப் பேசினோம். தமிழ்நாட்டில் வேறோர் எண்ணிக்கையும் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று கருதியிருந்தனர்; புற்று என்று தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த இழப்பே 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதை விட்டு நீங்கவில்லை. 1981இல் அங்கே சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. நகரில் யாருக்கு, எவ்வுறுப்பில், எந்நிலையில் நோய் கண்டது என்று ஆண்டுதோறும் எழுதிவைக்கும் பொறுமையான பணி அது. அப்பதிவேட்டின் தொடக்ககால அறிக்கைகளில் ஆண்களிடையே முதலிடத்தில் நின்றது இரைப்பைப் புற்றுதான். மும்பையைவிடச் சென்னையில் அது மிகுதி என்பதும் அதனாலேயே தெரிந்தது. 2012இல் இப்பணி மாநிலம் முழுமைக்கும் விரிந்தது.

குருதியணுவின் எண்ணிக்கை ஒருவரின் வருங்காலத்தைக் கணிக்க முயல்கிறது. பதிவேட்டின் எண்ணிக்கை சொல்வது எளிமையானது, ஆனால் வலிமையானது. இரைப்பைப் புற்று கொண்டவரின் முடிவைத் தீர்மானிப்பதில் தலையாயது, அவர் எந்நிலையில் மருத்துவமனைக்கு வந்தார் என்பதே. இரைப்பையின் உட்சவ்வளவில் நோய் நிற்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டால் ஜப்பானில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். அங்கு அறுபதுகளிலிருந்து ஊர்தோறும் இரைப்பைச் சோதனை நடத்துகின்றனர். நம் நாட்டிலோ பெரும்பாலோர் நோய் முற்றியபின்னரே வருகின்றனர். நெஞ்செரிச்சலுக்கும் பசியின்மைக்கும் மாதக்கணக்கில் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியபின், மலம் கறுத்து, உடல் பாதியாக இளைத்தபின் எண்டோஸ்கோப்பி அறைக்குள் நுழைகின்றனர்.

அறிந்து ஆவதென்ன?

முன்னறிதல் பயன் தர வேண்டுமானால், அறிந்ததைக் கொண்டு எதையேனும் மாற்ற முடிய வேண்டும். இதையும் ஒரு சோதனை அளந்து பார்த்தது. பரவிய மார்பகப் புற்றில், முதல் சுற்று மருந்துக்குப் பின்னும் குருதியில் புற்றணு குறையாதவர்களுக்கு உடனே மருந்தை மாற்றினால் ஆயுள் நீளுமா என்று அமெரிக்காவில் ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டனர். நீளவில்லை. எண் உண்மையைச் சொன்னது. ஆனால் மாற்றித் தந்த மருந்தும் முந்தையதைப் போன்றே இருந்தது. தீக்குறி கண்ட மருத்துவரின் கையில் வேறு நல்ல மருந்து இல்லாதபோது குறியால் என்ன பயன்?

எதிர்த்திசையில் ஒரு நம்பிக்கையும் உண்டு. 2022இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், பெருங்குடல் புற்றின் இரண்டாம் நிலையில் அறுவை முடிந்தவர்களின் குருதியில் புற்றின் மரபணுத் துணுக்குகளைத் தேடி, இருந்தவர்களுக்கு மட்டும் கீமோதெரபி கொடுத்தனர். வழக்கமான முறையில் 28 விழுக்காட்டினர் அம்மருந்தைப் பெற, இம்முறையில் 15 விழுக்காட்டினரே பெற்றனர். நோய் திரும்புவது அதனால் கூடவில்லை. வேண்டாத துன்பத்திலிருந்து சிலரைக் காத்தது அந்த அறிவு. இரைப்பைப் புற்றிலும் அத்தகைய முடிவுகளைத் தேடி ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இதற்கிடையில் குருதிச் சோதனைகள் சந்தைக்கு வந்துவிட்டன. ஒரு குழல் குருதியில் எல்லாம் தெரியும் என்று தனியார் ஆய்வகங்கள் விளம்பரம் செய்கின்றன. நிலத்தை ஈடு வைத்து மருத்துவம் பார்க்கும் குடும்பங்கள் வாழும் ஊர் இது. அச்சோதனைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: 'இந்த எண் கூடினாலோ குறைந்தாலோ, நீங்கள் தரும் மருத்துவத்தில் எது மாறும்?' எதுவும் மாறாது என்பது விடையானால், அப்பணம் எண்டோஸ்கோப்பிக்கும் பயாப்சிக்கும் ஸ்கேனுக்கும் உணவுக்கும் போவதே நன்று.

ஆஷ்வொர்த் கண்ட விதையை இன்று காந்தத்தால் பொறுக்க முடிகிறது. அது பெரிய சாதனை. நாளை இன்னும் பெரிதாக வளரக்கூடும். ஆயினும் தெரேசே ஹெல்லரின் காலத்திலிருந்து இன்றுவரை இந்நோய் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கற்பிக்கிறது. விதை குருதியில் இறங்கியபின் அதை எண்ணுவதைவிட, இறங்குவதற்கு முன் செடியைக் காண்பது மேல். நாற்பதைக் கடந்த ஒருவருக்கு நாட்கணக்கில் தீராத வயிற்றுக் கோளாறும், காரணமின்றி இறங்கும் எடையும், கறுத்துப் போகும் மலமும் எந்தக் கருவிக்கும் முன்னதாக வரும் குறிகள். அவற்றைப் படிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ளோர் கவனித்தால் போதும்.